கண் மூடியது, கழுத்து அண்ணாந்தது: கானாடுகாத்தானில் ஒரு வளர்ப்பு வாத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் கொல்லையில் வளரும் பெட்டை வாத்துக்கு இடது கண் மூடிக்கொண்டது. சில வாரங்கள் கழித்து அதன் கழுத்து பின்பக்கமாக வளைய ஆரம்பித்தது. நின்ற இடத்தில் அண்ணாந்து வானத்தைப் பார்க்கும், அப்புறம் மல்லாக்க விழும். வீட்டார், அக்கம்பக்கத்தார், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: கண்ணில் பிடித்த சீழ் மூளைக்கு ஏறிவிட்டது, இனி பிழைக்காது. கண் நோய்க்கும் கழுத்து நோய்க்கும் தொடர்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது மூளைக்கு ஏறி வந்த தொடர்பு இல்லை. சோற்றுத் தட்டு வழியாக வந்தது. வாத்து வளர்ப்பவர்களுக்கும், ஆடு மாடு நாய் பார்த்துப் பழகிய என் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கும் பயன்படலாம் என்று இதை விரிவாக எழுதுகிறேன்.

வீடும் வாத்தும்

வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் ஆச்சி ஒருவர்தான். பிள்ளைகள் வெளியூரில். கொல்லை வேலைக்கும் காவலுக்கும் ஒரு அண்ணன் வந்துபோகிறார். விடுமுறைக்கு வந்த பேரன் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு குஞ்சுகள் வளர்ந்து, ஒன்று கிடாவாகவும் ஒன்று பெட்டையாகவும் நின்றன. இரண்டும் வெள்ளை பெகின் கலப்பு. வால் மேல் சுருண்ட இறகு இருந்ததால் கிடாவை அடையாளம் காண்பதில் சிரமம் இல்லை. பெட்டைக்கு வெள்ளச்சி என்று பெயர்.

தை, மாசியில் ஊரைச் சுற்றி நெல் அறுவடை. அறுத்த வயலில் உதிர்ந்த மணியைப் பொறுக்க இரண்டையும் அந்த அண்ணன் ஓட்டிப் போவார், வரும் வழியில் ஊருணியில் விடுவார். புழு, நத்தை, பாசி, நெல்மணி என்று பாதி வயிறு வெளியிலேயே நிரம்பிவிடும். வீட்டில் கிடைக்கிற சோறு மேல்தீனி மாதிரிதான்.

ஒருநாள் வயலிலிருந்து திரும்பியபோது வெள்ளச்சியின் இடது கண்ணில் நீர் வடிந்தது. மறுநாள் இமை ஒட்டிக்கொண்டது. முதலில் நந்தியாவட்டைப் பூவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் தாய்ப்பால். அதன் பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஒரு கண் சொட்டு மருந்து வாங்கினார்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்தது. சிவப்பும் வீக்கமும் சட்டென்று இறங்குவதால் இதற்கு நல்ல பெயர் உண்டு. கருவிழியில் புண் இருந்தால் இதுவே வினை. ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாது, சில சமயம் கருவிழியையே கரைத்துவிடும். கண்ணில் சாயம் விட்டுப் புண் இல்லை என்று பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு விடக்கூடாது என்பது மனிதருக்கும் மாட்டுக்கும் வாத்துக்கும் பொது.

ஒரு கண் தெரியாத வாத்தை வயலுக்கு ஓட்டினால் நாய் கடித்துவிடும் என்று ஆச்சி வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கிடா மட்டும் வழக்கம்போல் போய் வந்தது. உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுப்பதுபோல வெள்ளச்சிக்குத் தனிச் சாப்பாடு. பட்டை தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை நன்றாகக் களைந்து, குழைய வடித்து, கஞ்சியை இறுத்துவிட்டு, அந்தச் சோறு. கூடவே மீன் கழுவும்போது விழுகிற குடலும் செவுளும், பச்சையாக. கெண்டை மீன் அந்த மாதத்தில் மலிவு. குடிக்க ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர், விரல்கடை ஆழம்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படிப் போயிருக்கிறது. பிறகுதான் கால் தள்ளாடியது, கழுத்து வளைந்தது.

"கண்ணுல வந்தது மூளைக்கு ஏறிருச்சாம்ல தம்பி. ஊசி போட்டுக் கஷ்டப்படுத்தாம விட்டுறலாமா?" என்று ஆச்சி போனில் கேட்டார். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, நானே வருகிறேன் என்றேன்.

பரிசோதனை

வாத்தைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. கையில் எடுத்துவிட்டால் பயத்தில் எல்லா அறிகுறியும் குழம்பிவிடும். பட்டாலையைத் தாண்டிப் போகிற நடையில் நின்றபடி வெள்ளச்சியைப் பார்த்தேன். இரண்டு விதமான கோணல் தெரிந்தது. ஒன்று, தலையைப் பக்கவாட்டில் திருப்பி வலது கண்ணை முன்னுக்குக் கொண்டுவந்து பார்ப்பது. இன்னொன்று, கழுத்து பின்னால் இழுத்துக்கொண்டு தலை முதுகைத் தொடுகிற அளவுக்கு அண்ணாந்து போவது. வீட்டார் இரண்டையும் சேர்த்து 'கழுத்துக் கோணல்' என்றே சொல்லிவந்தார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்தான் பாதி நோயறிதல் முடிந்தது.

வாத்துக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. ஒரு கண் மூடிவிட்டால் உலகத்தின் பாதி மறைந்துவிடும். அதை ஈடுகட்ட, நல்ல கண் முன்னால் வரும்படி தலையைத் திருப்பும். இது நரம்பு நோய் இல்லை, பார்வைக்கான ஏற்பாடு. உள்காதில் கோளாறு வந்தாலும் தலை சாயும். எது எது என்று பிரிக்க எளிய வழி, தலை மேல் மெல்லிய துணியைப் போர்த்தி இரண்டு கண்ணுக்கும் வெளிச்சத்தை மறைப்பது. பார்ப்பதற்காகச் சாய்த்த தலை, பார்க்க ஒன்றும் இல்லாதபோது நேராகிவிடும். காதோ மூளையோ காரணமாக இருந்தால் சாய்வு அப்படியே நிற்கும்; பெரும்பாலும் இன்னும் மோசமாகும், ஏனென்றால் சமநிலைக்குக் கண் கொடுத்துவந்த உதவியும் போய்விடுகிறது.

ஆச்சி ஒரு தேங்காய்ப்பூ துண்டு கொடுத்தார். போர்த்தியதும் பக்கச் சாய்வு போய்விட்டது. அண்ணாந்து வளைவது மட்டும் துணிக்குள்ளேயும் தொடர்ந்தது. சரி, முதல் கோணல் கண்ணுடையது, இரண்டாவது நரம்புடையது.

அதன் பிறகு கையில் எடுத்தேன். வாத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக்கூடாது, காலைப் பிடித்தும் தூக்கக்கூடாது. கால் மெலிது, எளிதில் உடையும். இரண்டு சிறகையும் உடம்போடு அணைத்து அக்குளில் வைத்துக்கொள்ள வேண்டும். எடை 1.9 கிலோ. இந்த இனத்துக்குக் குறைவு, நெஞ்செலும்பு கையில் கத்தி மாதிரி பட்டது. உடல் வெப்பம் 41.6 டிகிரி செல்சியஸ், வாத்துக்கு அது இயல்பு. வாயைத் திறந்து பார்த்தேன். அண்ணத்தில் வெண்கொப்புளம் எதுவும் இல்லை. வைட்டமின் ஏ கடுமையாகக் குறைந்தால் அங்கேதான் வெள்ளை முடிச்சுகள் தெரியும், இரண்டு கண்ணிலும் தயிர்க்கட்டி போலச் சீழ் சேரும். இங்கே ஒரு கண் மட்டும்தான். கொட்டகைத் தரையில் எருவும் ஈரமும் சேர்ந்து அம்மோனியா கிளம்பினாலும் இரண்டு கண்ணும் எரியும். ஒரு கண் மட்டும் என்றால் முதலில் தேட வேண்டியது அடியோ தூசியோ.

காது, கண்ணுக்குப் பின்னால் இறகுக்குள் ஒளிந்திருக்கும். இறகை ஒதுக்கிப் பார்த்தேன், இரு பக்கமும் சுத்தம். நல்ல கண்ணில் விழி தானாக இடவலமாகத் துடிக்கவில்லை. உள்காது நோயில் அந்தத் துடிப்பு அடிக்கடி இருக்கும்.

நாய்க்குச் செய்வதுபோல டார்ச் அடித்துக் கண்பாவை சுருங்குகிறதா என்று பார்த்து மூளையைப் பற்றி முடிவுக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவையின் கண்பாவைத் தசை நம் கைத்தசை மாதிரி வரித்தசை. அது தன் விருப்பத்துக்கே பாவையைச் சுருக்கும், விரிக்கும். பார்வை நரம்புகளும் முழுக்க எதிர்ப்பக்கத்துக்கு மாறிப் போவதால், ஒரு கண்ணில் வெளிச்சம் அடித்து மறு கண்ணில் எதிர்வினை தேடுவதில் பொருள் இல்லை. அதே காரணத்தால் பாவையை விரிக்கிற ஆட்ரோபின் சொட்டும் பறவையில் வேலை செய்யாது.

கால்கள் இரண்டும் பலம் குறைந்திருந்தன. நிறுத்தினால் பின்பக்கம் மடங்குகிற மூட்டின் மேல் உட்கார்ந்துவிடும். விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொண்டது, ஆகவே உணர்ச்சி இருக்கிறது. விரல்கள் உள்நோக்கிச் சுருளவில்லை. சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைவை முதலில் நினைத்திருப்பேன்.

இனி கண். மரத்துப்போகிற சொட்டு விட்டு, உப்புநீரில் நனைத்த பஞ்சால் இமையை இளக்கித் திறந்தேன். கீழிமைக்குள் வெளிர்மஞ்சள் கட்டி, மொச்சைப் பருப்பு அளவு. பறவையின் சீழ் ஒழுகாது. நம் வெள்ளணுவில் சீழைக் கரைக்கிற நொதிகள் சில பறவையின் வெள்ளணுவில் இல்லை, அதனால் சீழ் இறுகிக் கட்டியாகிவிடும். எத்தனை நாள் சொட்டு விட்டாலும் மருந்து அந்தக் கட்டியின் மேல்தான் விழும், அடியில் போகாது. கையால் எடுத்தே ஆக வேண்டும். இடுக்கியால் முழுதாக எடுத்த பிறகு, மேலிமை கீழிமைக்கு உள்ளே சவ்வு மாதிரி இருக்கிற மூன்றாவது இமையைத் தூக்கிப் பார்த்தால், அதன் மடிப்பில் நெல் உமி ஒன்று செருகிக் கிடந்தது. நுனியில் சுனை ஒட்டியபடியே.

ஃப்ளோரசீன் சாயம் விட்டதும் கருவிழியில் மூன்று மில்லிமீட்டர் அளவில் பச்சையாக ஒளிர்ந்தது. இமை அசைகிறபோதெல்லாம் அந்த உமி உரசிய இடம் அது.

கண் கதை இவ்வளவுதான். ஆனாலும் உமி விழுகிற எல்லா வாத்துக்கும் கண் போவதில்லை. வாத்து தலையை நீருக்குள் முழுசாக அமிழ்த்தி, உதறி, கண்ணையும் மூக்கையும் தானே கழுவிக்கொள்ளும். ஊருணிக்குப் போயிருந்தால் அன்றே வெளியே வந்திருக்கலாம். விரல்கடை ஆழத் தட்டில் அலகு மட்டும்தான் நனையும். நீந்த இடம் இல்லாவிட்டாலும் தலை முழுகுகிற ஆழத்தில் ஒரு வாளியாவது வாத்துக்கு வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

வேறென்ன இருந்திருக்கலாம்

கண்ணும் நரம்பும் ஒன்றாகப் பழுதாகிற வாத்தைப் பார்த்தால் சில நோய்களை விலக்காமல் மேலே போகக்கூடாது. அவற்றில் இரண்டு ஊருக்கே ஆபத்தானவை.

முதலாவது பறவைக் காய்ச்சல். கேரளத்தின் குட்டநாட்டில் 2014, 2016, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வாத்துக் கூட்டங்களை அழித்த நோய் இது. அங்கே நீந்த முடியாமல் வட்டமிடும், கண் வெளுக்கும், கழுத்து திருகும், கூட்டமாகச் சாகும். நம் பக்கத்துக் கண்மாய்களுக்கும் பனிக்காலத்தில் வெளிப்பறவைகள் வருகின்றன. பட்டாசு வெடிக்காமல் ஊர்மக்களே காத்துவரும் வேட்டங்குடி சரணாலயம் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் கையுறையும் முகக்கவசமும் போடாமல் நான் வாத்தைத் தொடவில்லை. இந்த வீட்டில் சந்தேகம் குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஊருணிக்குப் போய்வந்த கிடா நன்றாக இருந்தது, போகாத பெட்டைதான் நோயில் கிடந்தது. அந்தப் பக்கத்தில் காக்கையோ கொக்கோ கோழியோ செத்துக் கிடந்ததாகச் செய்தி இல்லை. நோய் நாள் கணக்கில் இல்லாமல் வாரக் கணக்கில் நகர்ந்திருந்தது. ஒருவேளை இரண்டு மூன்று பறவைகள் சேர்ந்து செத்திருந்தால், அறுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு கால்நடைத் துறைக்குச் சொல்வதுதான் வேலை. மாதிரி போபாலில் இருக்கிற உயர்பாதுகாப்பு ஆய்வகம் வரை போக வேண்டிய நோய் அது.

இரண்டாவது வாத்து பிளேக். ஹெர்பிஸ் வகை வைரஸ். வெளிச்சம் பார்க்கக் கூசும், இமை ஒட்டும், தள்ளாடும், கழிவில் ரத்தம் தெரியும். ஓரிரு நாளில் செத்துவிடும், ஒரு மாதம் இழுத்தடிக்காது. தடுப்பூசி இருக்கிறது. இந்த இரண்டு வாத்துக்கும் போட்டிருக்கவில்லை.

வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோயும் கோழிக்குக் கழுத்தைத் திருகும். வாத்து அந்த வைரஸைச் சுமக்குமே தவிர நோயில் விழுவது அபூர்வம். ரைமெரெல்லா என்ற பாக்டீரியாவும் கண்நீர், தலைநடுக்கம், கழுத்து வளைவு என்று இதே வேஷம் போடும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளின் நோய்.

போட்டுலிசம் என்ற கிருமி நஞ்சு நோயைக் கொஞ்சம் அக்கறையாக யோசித்தேன். மாசி, பங்குனியில் கண்மாய் வற்றும். சேற்றில் செத்த மீனிலும், அதில் நெளிகிற புழுவிலும் அந்த நஞ்சு சேரும், வாத்து அந்தப் புழுவை விரும்பித் தின்னும். முதலில் கால் விழும், பிறகு சிறகு, கடைசியில் கழுத்து. ஆனால் அந்தக் கழுத்து துவண்டு தரையில் கிடக்கும், மூன்றாவது இமையும் செயலற்றுப் போகும். வெள்ளச்சியின் கழுத்து விறைத்துப் பின்னால் இழுத்தது. துவளும் கழுத்தும் விறைக்கும் கழுத்தும் வேறு வேறு நோயைச் சொல்கின்றன. போனில் 'கழுத்து சரியில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது. பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

ஈயநஞ்சும் பட்டியலில் இருந்தது. வீச்சுவலையில் கோர்க்கிற ஈயமணி கரையில் உதிர்ந்து கிடந்தால் வாத்து கல் என்று நினைத்து விழுங்கும். இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் கலக்கும். பச்சைக் கழிவு, தொங்கும் சிறகு, கால் பலவீனம். காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்ததில் இரைப்பையில் மணல்தான் தெரிந்தது, உலோகம் இல்லை. எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் மட்டும் ஈயம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, முழுக்கக் கரைந்துபோயிருக்கலாம். ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பதுதான் முடிவான சோதனை. சிகிச்சையின் முதல் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் போகலாம் என்று நிறுத்திவைத்தேன்.

கிடா பெட்டையோடு இணைசேர ஏறி மிதிக்கும்போது பிடரியைக் கவ்வும். அதில் தலையில் காயமும் கண்ணில் அடியும் படுவது சகஜம். வெள்ளச்சியின் பிடரியில் இறகு கொஞ்சம் உதிர்ந்திருந்தது, காயமோ வீக்கமோ இல்லை.

மீந்தது தயமின், அதாவது வைட்டமின் பி1 குறைவு. அண்ணாந்து பார்க்கிற கழுத்து, மடங்கி உட்காரும் கால், மெலிவு, காய்ச்சல் இல்லாமை எல்லாம் அதோடு பொருந்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு விவரம்.

அரிசியும் பி1-உம்

நெல்லில் பி1 தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பட்டை தீட்டும்போது முக்கால்வாசி போய்விடும். களைந்த தண்ணீரில் கொஞ்சம் போகும், வடித்த கஞ்சியில் மீதி போகும். புழுங்கலரிசியில் அப்படி இல்லை. நெல்லோடு வேகும்போது தவிட்டுச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் ஓரளவு நிற்கும். தினப்படிச் சமையலுக்கு ஆச்சி வீட்டில் புழுங்கல்தான். நோயாளிக்கு என்று பார்த்துப் பார்த்துச் செய்த பச்சரிசிச் சோறுதான் வெறும் மாவாக முடிந்தது.

பச்சை மீன் குடல் இதற்கு மேல் ஒரு அடி. கெண்டை வகை உட்படச் சில நன்னீர் மீன்களின் உடம்பில் பி1-ஐ உடைக்கிற தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. சோற்றில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத்தையும் அது தின்றுவிடும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். அதே குடலை ஒரு கொதி விட்டுப் போட்டிருந்தால் நல்ல தீவனம்.

பி1-ஐ உடம்பு நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. வளர்ந்த பறவைக்கு அது இல்லாத தீவனம் மூன்று வாரம் போதும், நரம்பு பேச ஆரம்பிக்கும். வயலுக்குப் போன கிடாவுக்கு நத்தையும் நெல்லும் கிடைத்தன, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே சந்தையில் வாங்கிய ஜோடி, ஒன்றுக்கு மட்டும் நோய் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நோய்க்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் 1890-களில் ஜாவாவில், மனிதரின் கை காலைத் தளர்த்துகிற பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வகக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடிக் கழுத்து வளைந்து விழுந்தன, பிறகு திடீரென்று தேறின. இடையில் அவற்றுக்குத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது தெரியவந்தது. வெள்ளை அரிசி போட்டால் நோய், தவிட்டோடு போட்டால் குணம். வைட்டமின் என்ற கருத்துக்கே அடித்தளம் போட்ட வேலை அது. 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அதே சோதனை நம் கொல்லைகளில் யாரும் அறியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

சிகிச்சை

பி1 குறைவுக்குச் சோதனையும் சிகிச்சையும் ஒன்றுதான். ஊசி போட்டால் சில மணி நேரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். கிருமியோ அடியோ ஈயமோ அவ்வளவு வேகத்தில் விட்டுக்கொடுக்காது.

இந்த இடத்தில் என் தொழில்காரர்கள் சிலரோடு எனக்கு ஒத்துவராது. இப்படி ஒரு பறவை வந்தால் ஆன்டிபயாட்டிக் ஊசி, ஸ்டீராய்டு, பி காம்ப்ளக்ஸ், கால்சியம் என்று இருக்கிற எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. பிழைத்தால் எதனால் பிழைத்தது என்று தெரியாது, செத்தாலும் தெரியாது. வாத்தின் முட்டையைச் சாப்பிடுகிற வீட்டில் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கண்புண் அந்த இடத்தோடு நின்றிருந்தது, காய்ச்சல் இல்லை. ஆகவே கண்ணுக்குச் சொட்டாக மட்டும் சிப்ரோஃப்ளாக்ஸசின். வலிக்கு மெலாக்சிகாம், கிலோவுக்கு அரை மில்லிகிராம். நெஞ்சுத் தசையில் பி1 ஊசி. வேறு ஒன்றும் இல்லை.

வலிக்கு வீட்டில் இருக்கிற டைக்ளோஃபினாக்கை உடைத்துக் கொடுக்கலாமா என்று அந்த அண்ணன் கேட்டார். கூடவே கூடாது. பறவையின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்ததே அந்த மருந்து ஏற்றிய மாட்டின் பிணத்தைத் தின்றுதான். கால்நடைக்கு அது 2006-இலேயே தடையாகிவிட்டது.

முகப்பில் நிழலான மூலை பார்த்து, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, இரு பக்கமும் சுருட்டிய சாக்கு வைத்து மல்லாக்க விழாமல் முட்டுக் கொடுத்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுவழுவென்று இருக்கும், பலமில்லாத கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். அதனால் பெட்டியை விட்டு இறக்க வேண்டாம் என்று சொன்னேன். ஊருணிக்கும் தடை. கழுத்து அண்ணாந்து போகிற வாத்து அரை அடி நீரிலும் மூழ்கிச் சாகும். தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் காட்டி, தானாக விழுங்கவிட்டோம்.

ஊசி போட்டது முற்பகலில். மாலையில் ஆச்சி போன் செய்து, அண்ணாந்து பார்ப்பது குறைந்திருக்கிறது, இடையிடையேதான் வருகிறது என்றார். மறுநாள் காலை கழுத்து நேராக நின்றது. தட்டில் இருந்த ஈரத் தவிட்டைத் தானே கொத்தித் தின்றது. ஈயச் சோதனை தேவைப்படவில்லை.

ஆய்வக அளவீடு எதுவும் இல்லாமல் இதைப் பி1 குறைவு என்று எழுதுவது, இந்த வேகத்தையும் சாப்பாட்டு விவரத்தையும் வைத்துத்தான். தாளில் நான் குறித்ததும் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான்.

பிறகு

கழுத்து ஒரு நாளில் திரும்பியதால் கால் மறுநாளே ஓடும் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். அப்படி வராது. நலிந்த நரம்பு தேற நாள் எடுக்கும். ஊசியை இன்னும் சில நாள் தொடர்ந்து, அப்புறம் வாய்வழி பி காம்ப்ளக்ஸுக்கு மாறினோம். இரண்டாம் வாரத்தில் எட்டு வைத்து நடந்தது, மாதம் முடிகையில் ஓடியது.

கண்ணுக்கு அந்த அண்ணனின் கைதான் மருந்து. பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்புநீரால் கழுவி, கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கால் ஊன்றி நின்றதும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வாளியில் தலை முழுகவிட்டார். பத்து நாள் கழித்துச் சாயம் விட்டபோது பச்சை ஒட்டவில்லை, புண் மூடியிருந்தது. புண் இருந்த இடத்தில் மங்கலான வெண்தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு நேராகக் கையைக் கொண்டுபோனால் இமைக்கிறது. ஓரத்தில் ஆட்டினால் தெரியவில்லை.

தீவனத்தை மாற்றியதில் செலவு எதுவும் கூடவில்லை. வீட்டுப் புழுங்கல் சோறு, புதுத் தவிடு, கம்பு அல்லது கேழ்வரகு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை. தவிடு சிக்கடித்தால் வேண்டாம், சிக்கெண்ணெய் வைட்டமின் ஈ-யை அழிக்கும். கடலைப் பிண்ணாக்கு போடலாமா என்று கேட்டார்கள். பூசணம் துளி இருந்தாலும் கூடாது. அஃப்ளாடாக்சின் நஞ்சைத் தாங்காத பறவைகளில் வாத்துக்குத்தான் முதலிடம், குஞ்சு என்றால் கல்லீரல் சீக்கிரமே போய்விடும். மீன் குடல் இப்போது வெந்துதான் வருகிறது. கொல்லையில் சும்மா கிடந்த பழைய கல்தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள், இரண்டு வாத்தும் தலையை அமிழ்த்த ஆழம் போதும். பிளேக் தடுப்பூசி இரண்டுக்கும் போட்டாயிற்று.

வெள்ளச்சி தட்டை நோக்கி வரும்போது இன்றும் தலையைத் திருப்பி வலது கண்ணால்தான் பார்க்கிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று ஆச்சி ஒருமுறை பதறிப் போன் செய்தார். துணி போர்த்திப் பார்க்கச் சொன்னேன். தலை நேரானது. இது தழும்புக் கண்ணுக்கான பழக்கம், இனி இப்படித்தான் இருக்கும். அண்ணாந்து போனால் மட்டும் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கோடையில் மறுபடி முட்டை இட ஆரம்பித்தது. மருந்து நிறுத்திப் பல வாரம் ஆகியிருந்ததால் சாப்பிடத் தடை இல்லை என்றேன். "பேரன் வர்ற வரைக்கும் அடைக்கு வச்சுப் பாக்குறேன் தம்பி" என்றார் ஆச்சி. பெகின் பெட்டை அடைகாப்பது அரிது, நாட்டுக்கோழியின் அடியில் வையுங்கள், கோழிக்கு 21 நாள் என்றால் வாத்து முட்டைக்கு 28 நாள், கோழி பாதியில் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன். வருகிற குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே தவிடு.